அசைவதும் அசையாததும்

நல்ல ஒலி வேண்டுமா? பரணைப் பாருங்கள். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு டர்ன்டேபிளும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் அங்கே கிடந்தால், உலகத்தின் மிகச் சிறந்த சங்கீதத்தில் முக்கால் பங்கு ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. மீதிக் கால் பங்கு உங்கள் கைவேலை. அந்தக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது தரும் சந்தோஷத்தை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களிடமும்.

சென்னையில் என் வீட்டு முன்னறையில் ஏஆர்-4எக்ஸ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. 1965-இல் அமெரிக்காவில் அறிமுகமான மாடல். பல வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சித்தப்பா கொண்டுவந்தது. அதோடு சேர்ந்து பாடுவது தோரன்ஸ் டிடி 160 டர்ன்டேபிள். 1972-இல் வந்த மாடல். ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு பெரியவரிடம் வாங்கினேன். இரண்டையும் துடைத்து, திறந்து, சரிசெய்து, நகர்த்தி வைத்துப் பழகியதில் ஒரே ஒரு விதி எனக்குப் பிடிபட்டது. அசைய வேண்டியது தடையில்லாமல் அசைய வேண்டும். அசையக்கூடாதது இம்மியும் அசையக்கூடாது. ஊசி அசைய வேண்டும். அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஆடக்கூடாது. தட்டு சுழல வேண்டும். மோட்டாரின் நடுக்கம் அதற்கு ஏறக்கூடாது. ஸ்பீக்கரில் பேஸை எழுப்பும் வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வர வேண்டும். அது உட்கார்ந்திருக்கும் பெட்டி அதிரக்கூடாது. ஒலி மேம்பட நான் செய்த ஒவ்வொரு வேலையும் இந்த விதிக்குள் அடங்கிவிடும்.

மெத்தைத் துணியில் பிறந்த வூஃபர்

என்னுடைய ஸ்பீக்கருக்கும் டர்ன்டேபிளுக்கும் மூலபுருஷர் ஒருவரே என்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்கர் வில்ச்சர் என்று பெயர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிபெருக்கம் பற்றிப் பாடம் நடத்தியவர். 1950-களின் தொடக்கத்தில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் ஆள் உயரப் பெட்டி வேண்டும் என்பதுதான் நடைமுறை. வில்ச்சர் அதன் அடிப்படையையே மாற்றிப் போட்டார்.

வூஃபரின் கூம்பு முன்னால் போனால் அதைப் பின்னால் இழுத்துவர ஒரு விசை வேண்டும். அதுவரை அந்த வேலையைக் கூம்பின் விளிம்பும் உள்ளே இருக்கும் தாங்கியும்தான் செய்துவந்தன. அவை விறைப்பாக இருக்கும். கூம்பு கொஞ்சம் அதிகம் அசைந்தாலும் இழுவிசையின் அளவு தப்பும், ஒலி கெடும். வில்ச்சர் விளிம்பைத் தளர்த்திவிட்டார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் ஆக்கினார். எவ்வளவு தூரம் அசைந்தாலும் சீராகத் திருப்பித் தள்ள, உலோகத்தையும் துணியையும்விடக் காற்று எவ்வளவோ மேல்! அந்த முதல் வூஃபருக்கான விளிம்பை வரைந்து, மெத்தை உறைத் துணியை வெட்டி, தையல் மெஷினில் தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. தன் வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து, 1954-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அகூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தை வில்ச்சர் தொடங்கினார். ஏஆர் என்பது அதன் சுருக்கம். முதல் ஸ்பீக்கரான ஏஆர்-1 புத்தக அலமாரிக்குள் அடங்கியது. ஆனால் அதன் பேஸ் வீட்டை நிறைத்தது.

1961-இல் அதே மனிதர் டர்ன்டேபிளில் கை வைத்தார். தட்டையும் ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மையும் ஒரே சட்டத்தில் சேர்த்து, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார். மோட்டாரைத் தனியாகப் பிரித்தார். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பெல்ட் மட்டுமே உறவு. மோட்டாரின் நடுக்கத்தைப் பெல்ட் விழுங்கிவிடும். தரையின் மெல்லிய அதிர்வை ஸ்பிரிங் நிறுத்திவிடும். தோரன்ஸின் டிடி 150, என்னிடம் உள்ள டிடி 160, பிரிட்டனின் புகழ்பெற்ற லின் எல்பி12 எல்லாமே அந்த வழியில் வந்தவை. 1967-இல் நிறுவனத்தை விற்றுவிட்டு, வில்ச்சர் காது கேட்கும் கருவிகள் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். அதில் கண்ட முக்கியமான முறையைக் காப்புரிமை கேட்காமல் உலகத்துக்குக் கொடுத்தார். அவரை நினைக்காமல் நான் ஒரு தட்டையும் சுழலவிடுவதில்லை.

ஸ்பீக்கருக்கு மூச்சு

ஏஆர்-4எக்ஸின் உயரம் 19 அங்குலம்தான். உள்ளே எட்டு அங்குல வூஃபர் ஒன்று, கூம்பு வடிவச் சின்ன ட்வீட்டர் ஒன்று. அவ்வளவே! இந்தச் சின்னப் பெட்டிதான் மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியை நெஞ்சில் வந்து மோதவைக்கிறது. அந்த இடத்துக்கு அதைக் கொண்டுவர மூன்று வேலைகள் தேவைப்பட்டன.

முதலில் காற்று. மூடிய பெட்டி என்றால் உண்மையிலேயே மூடியிருக்க வேண்டும். சோதிப்பது சுலபம். வூஃபர் கூம்பின் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை வைத்து மெதுவாக, நேராக உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். சட்டென்று திரும்பி வந்தால் எங்கேயோ காற்று கசிகிறது. தயங்கித் தயங்கி நகர்ந்து வந்தால் பெட்டி கெட்டியாக மூடியிருக்கிறது. என்னுடையவை சட்டென்று திரும்பின. காரணம் விளிம்புத் துணி. அந்தத் துணியில் காற்றுப் புகாதபடி ஒரு பசை பூசியிருப்பார்கள். வருடக்கணக்கில் அது வற்றிப்போகும். துணி நன்றாகவே இருக்கும், காற்றுதான் வெளியேறிக்கொண்டிருக்கும். காய்ந்த பிறகும் விறைக்காத, பிசுபிசுப்பு மாறாத பூச்சாகப் பார்த்து, தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினேன். விறைக்கும் பசையைப் பூசிவிட்டால் அசைய வேண்டியது அசையாமல் போகும். அதனால் இந்தத் தேர்வில் மட்டும் அவசரம் கூடாது. வூஃபரைக் கழற்றி மாட்டும்போது அதன் வளையத்தைச் சுற்றி இறுகாத மக்கு வைத்து அடைத்தேன். அன்று சாயங்காலம் கேட்ட பேஸ்! காணாமல் போயிருந்த ஒரு முழு ஸ்தாயி வீடு திரும்பியது மாதிரி இருந்தது.

ஃபோம் விளிம்பு உள்ள ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஃபோம் நம் ஊர்ப் புழுக்கத்தில் தொட்டாலே உதிரும். உதிர்ந்துவிட்டால் ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதீர்கள். அளவுக்கு ஏற்ற புது விளிம்பு கிடைக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினால் கூம்பு பிறந்த நாள் போல மறுபடி அசையும்.

இரண்டாவது, ட்வீட்டர். ஒரு பக்கம் சுத்தமாக ஊமையாகிக் கிடந்தது. ரிச்சி தெருவில் காலம் காலமாக ரேடியோ பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"ட்வீட்டர் போயிடுச்சாண்ணே?"

"ட்வீட்டர்லாம் போகல தம்பி. பின்னாடி ஒரு கன்ட்ரோல் இருக்கு பாரு, அதப் புடிச்சு நாலு தரம் திருப்பு."

திருப்பினேன். கரகரவென்று சத்தம் வந்து, ட்வீட்டர் ஒரு கணம் உயிர்பெற்று, மறுபடி அடங்கியது. அந்தக் காலத்து ஏஆர் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கும் வரும் நோய் இதுதான் என்று பிறகு தெரிந்தது. உயர்ந்த சுரங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கப் பின்னால் வைத்த கன்ட்ரோலில் களிம்பேறி, தொடர்பு அறுந்துபோகும். அண்ணன் அதைப் பிரித்தார். சுருட்டிய கம்பியும் அதன்மேல் தேய்ந்து நகரும் தகடும் பச்சைப் பசேலென்று இருந்தன. நைஸ் எமரித் தாளால் மெல்லத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மறுபடி பூட்டினார். ஜால்ராவின் ஓசை கடைக்குள் மணியாக உதிர்ந்தபோது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்!

மூன்றாவது, கெப்பாசிட்டர். பேஸை வூஃபருக்கும் உயர்ந்த சுரங்களை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில், ஏஆர்-4எக்ஸுக்கு இருப்பது ஒரே ஒரு 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அரை நூற்றாண்டில் அதன் அளவு நகர்ந்துவிடும். இடது ஸ்பீக்கரில் ஒரு மாதிரி, வலதில் ஒரு மாதிரி நகரும். இரண்டிலும் ஒரே அளவுள்ள புதிய ஃபிலிம் கெப்பாசிட்டர் வைத்து சால்டர் செய்தவுடன் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவர் இடப்பக்கமும் வலப்பக்கமும் அலைந்துகொண்டிருந்தார். பெட்டியைத் திறக்கிறவர்கள் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அடைத்திருப்பது கண்ணாடி இழை. எடுத்ததை எடுத்த அளவிலேயே திரும்ப அடையுங்கள், அதுவும் ஒலியின் ஒரு பகுதி. இந்த வகை ஸ்பீக்கர்கள் கொஞ்சம் அதிக வாட் கேட்கும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும். ஆம்ப்ளிஃபயர் பற்றி அதற்குமேல் கவலைப்பட வேண்டாம்.

375 சுற்று, 33⅓ சுற்று

டர்ன்டேபிளுக்கு வருவோம். டிடி 160-இன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடும் வகை. 16 துருவ மோட்டார். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 375 சுற்றுச் சுற்றும். அதைப் பெல்ட் 33⅓ ஆகக் குறைத்துத் தட்டுக்குக் கொடுக்கிறது. அப்படியானால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது யார்? மின்வாரியத்தின் கம்பி! 50 என்பது 49 ஆனால் சுருதி இரண்டு சதவீதம் இறங்கும். அது ஒரு சுரத்தானத்தில் மூன்றில் ஒரு பங்கு. தம்பூரா வைத்துக்கொண்டு கேட்கும் காதுக்கு அது நன்றாகவே உறைக்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் மின்கட்டம் நாட்டின் மற்ற கட்டங்களோடு இணைந்த பிறகு அதிர்வெண் 50-ஐ ஒட்டியே நிற்கிறது. பெரிய பெரிய ஆலைகளுக்காகச் செய்த வேலை என் டர்ன்டேபிளின் சுருதியையும் சேர்த்து நிறுத்தியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அமெரிக்காவில் இருந்து வரும் இதே வகை டர்ன்டேபிள்கள் 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றவை. வோல்டேஜை மட்டும் மாற்றி இங்கே ஓட்டினால் தட்டு 27.8 சுற்றில்தான் சுழலும்; பாட்டு மூன்று சுரத்தானத்துக்கு மேல் இறங்கிவிடும். மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன பித்தளைப் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால் சரியாகிவிடும். வேகம் சரிதானா என்று பார்க்க 180 கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் வட்டு போதும். அதை அச்சடித்துத் தட்டின்மேல் வைத்து, சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். வேகம் சரியாக இருந்தால் சுழலும் கோடுகள் அசையாமல் நிற்கும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் குறைவு. சுழல்கிற ஒன்று அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்கும் அந்தக் காட்சிக்கு நான் அடிமை.

பெல்ட் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். நடுத்தண்டின் பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். இவை சின்னச் சின்ன வேலைகள். மூன்று ஸ்பிரிங்குகளைச் சமப்படுத்துவதுதான் பெரிய வேலை. முதலில் ரசமட்டம் வைத்து அடிப்பெட்டியைச் சமன் செய்யுங்கள். அப்புறம் தட்டைச் சமன் செய்யுங்கள். பிறகு தட்டின் நடுவில் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். நேர் மேலும் கீழுமாக மிதந்து அடங்க வேண்டும். கொஞ்சம் கோணலாக ஆடினாலும் மூன்றில் ஒரு ஸ்பிரிங்கின் நட்டு சரியில்லை என்று பொருள். ஒரு நட்டைத் திருப்பினால் மற்ற இரண்டும் மாறும். பொறுமையாகச் சுற்றி வரவேண்டும். அது சரியாக அமைந்த நொடியில் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய முனகல் அறுந்துபோகும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் மௌனம் உண்மையான மௌனம் ஆகும். அந்த மௌனத்திலிருந்து வயலின் எழும்போது கேட்க வேண்டுமே!

இந்த இடத்தில் நம் வீடுகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. மரத்தரை வீடுகளில் நடந்தாலே ஸ்பிரிங் டர்ன்டேபிளின் ஊசி துள்ளும். நம்முடையது கான்கிரீட் தரை. அதற்குமேல், சுவரிலேயே பதித்த கடப்பாக்கல் அலமாரி நம் பழைய வீடுகளில் எங்கும் இருக்கிறது. டர்ன்டேபிளுக்கு அதைவிட நல்ல சிம்மாசனம் எந்த நாட்டிலும் விற்கவில்லை.

இரண்டே இரண்டு புள்ளிகள்

இனி ஊசி. எல்லாம் தொடங்கும் இடம் இது. இங்கே இழந்ததை எந்த ஆம்ப்ளிஃபயரும் எந்த ஸ்பீக்கரும் திருப்பித் தராது.

ஒரு எல்.பி.யின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடுகிறது என்றால், அதன் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். தலைமுடி கனமே உள்ள அந்தப் பள்ளத்தில், உழவு மாடு சால் பிடித்துப் போவதுபோல ஊசி விலகாமல் போகவேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்துக்கு வரும்போது 21 சென்டிமீட்டர்தான். ஒரு நொடிச் சங்கீதத்தை எழுத, உள்ளே பாதிக்கும் குறைவான இடமே இருக்கிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரப்பாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஊசி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முதலில் அடிபடுவது அந்தப் பாட்டு.

கோணல் எங்கிருந்து வருகிறது? இசைத்தட்டை வெட்டிய இயந்திரத்தின் ஊசி வெளியிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் டோன் ஆர்ம் ஒரு முனையில் பூட்டியிருப்பதால் வில்லாக வளைந்து நகர்கிறது. எனவே தட்டு முழுவதிலும் இரண்டே இரண்டு இடங்களில்தான் கார்ட்ரிட்ஜ் பள்ளத்துக்கு மிகச் சரியாக நேர்கோட்டில் நிற்க முடியும். அந்த இரண்டு இடங்கள் எவை என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் 1938-இல் லோஃப்கிரென், 1941-இல் பேர்வால்ட். மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 120.9 மில்லிமீட்டர். இந்த அளவுகள் போட்ட அட்டையைச் சரியான அளவில் அச்சடித்து, ஊசியை அந்தப் புள்ளிகளில் இறக்கி, இரண்டிலும் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை முன்னே பின்னே நகர்த்தி, திருகாணியை இறுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் விளையாட்டு. செலவு ஒரு பிரதி எடுக்கும் காசு. அதன் பலனோ, பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ' என்ற எழுத்து சீறாமல் வாயிலிருந்து வருவதுபோல வருகிறது.

அடுத்தது ஊசி பள்ளத்தில் அழுத்தும் எடை. என்னுடைய கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. அதற்கு இரண்டு கிராம். டோன் ஆர்மில் இருக்கும் எண்களை மட்டும் நம்பாமல், சின்ன டிஜிட்டல் ஊசித் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எடை குறைந்தால் தட்டு பிழைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு! எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் குதித்துக் குதித்துச் சுவரை உரசும். அதுதான் தட்டைக் கெடுக்கும். சொன்ன எடையில் அது பதிந்து உட்காரும். ஊசியின் நுனியைப் பின்னாலிருந்து முன்னாலாக மட்டும் துடையுங்கள். 78 சுற்றுப் பழைய தட்டுகளின் பள்ளம் பல மடங்கு அகலம், அவற்றுக்கு வேறு ஊசி வேண்டும். டர்ன்டேபிளின் கம்பியை ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று போட்டிருக்கும் துளையிலேயே செருகுங்கள். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து உயர்சுரங்களைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954-இல் வகுத்த அளவுகோலின்படி அதைத் திரும்ப நேராக்குவது ஃபோனோ பகுதிதான்.

இசைத்தட்டுகளையும் கவனியுங்கள். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் கடைகளில் நான் அள்ளிவரும் தட்டுகளில் பாதிக்குப் பூஞ்சை இருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் சில சொட்டுத் திரவ சோப்பு கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவைப்பேன். 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, அவற்றின்மேல் ஆல்கஹால் படவே கூடாது. வறண்ட ஊர்க்காரர்கள் நிலைமின்சாரத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். நம் கடற்கரைக் காற்று அந்தத் தொல்லையை நமக்கு வைக்கவில்லை.

பவானி ஜமக்காளம் செய்த மாயம்

இத்தனையும் செய்த பிறகு மிச்சமிருப்பது அறை. நம் அறைகள் மொசைக் தரை, சிமென்ட் சுவர், வெற்றுக் கூரை. நடுவில் நின்று ஒரு கைதட்டிப் பாருங்கள்; 'டிங்' என்று ஒரு உலோக ஓசை பின்னாலேயே வரும். ஸ்பீக்கரில் வரும் ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் அந்த ஓசை ஒட்டிக்கொள்கிறது. ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவே ஒரு கனத்த பவானி ஜமக்காளத்தை விரித்தேன். பின்சுவரில் புத்தக அலமாரி, மூலையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை சுருட்டி நிறுத்தியது. கைதட்டினால் இப்போது கைதட்டல் மட்டும் கேட்கிறது. சொற்கள் துலங்கின. மூக்கால் பாடுகிறார் என்று நான் நினைத்திருந்த ஒரு பாடகர், நெஞ்சிலிருந்து பாடியிருக்கிறார்!

ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள். சுவரை ஒட்டினால், அதுவும் மூலையில் வைத்தால், பேஸ் பெருகும். ஆனால் தெளிவு மங்கும். ஒரு அடி நகர்த்துங்கள், கேளுங்கள். இன்னும் நாலு விரல் நகர்த்துங்கள், கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு என்று ஒரு இடம் இருக்கிறது, அதைக் காதுதான் கண்டுபிடிக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரின் அடியில் ஆடாத கனத்த பீடம். நான் வைத்திருப்பது கல் அறுக்கும் கடையில் மிச்சம் விழுந்த கடப்பாக்கல் துண்டுகள்.

மின்விசிறியை மட்டும் நிறுத்துங்கள். அதன் சத்தம் பாதிப் பிரச்சினைதான். ஒலி சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும்போது அலை அலையாக நடுங்குவது மீதிப் பாதி. வீணையின் ஒரு நீண்ட மீட்டலை விசிறி ஓடும்போதும் நின்ற பிறகும் கேட்டுப் பாருங்கள், சொல்லாமலே புரியும். நான் பெடஸ்டல் ஃபேனை முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஓடவிட்டுக்கொள்கிறேன்.

என்ன கேட்கிறது?

எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய சுப்ரபாதம் எச்.எம்.வி. தட்டாக 1963-இல் வந்தது. கோயில் மைக்கிலும் டீக்கடையிலும் நம் எல்லோருக்கும் அது மனப்பாடம். எம்.எஸ்.ஸின் குரலோடு இழையும், உடன் பாடிய ராதாவின் குரல் தனியாக, தன் நிறத்தோடு, தன் மூச்சோடு இருப்பதை இந்த அமைப்பில்தான் உணர்ந்தேன். இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பது எப்போதும் தெரியும். இரண்டு பேர் நின்று பாடுகிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-இல் வந்தது. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் வில் கம்பியில் பதியும் முதல் உரசல், அதற்குப் பின்னால் வயலின் கூட்டம் விரியும் அகலம், அடியில் நடக்கும் பேஸ் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று மறைக்காமல் ஒரே நேரத்தில் நிற்கின்றன. தியாகராஜரும் பாஃகும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் உணர்வு!

ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு மாடி வீட்டிலிருந்து வந்தது. மேலே குடியிருப்பவர் மிருதங்க வாத்தியார். கச்சேரி மேடையிலேயே பதிவு செய்த ஒரு பழைய எல்.பி.யை நான் போட்டிருந்தபோது, படியிறங்கிப் போனவர் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தார். தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டவர் திடீரென்று விரலை உயர்த்தினார்.

"சார், கவனிச்சீங்களா? தொப்பியில ரவை காய ஆரம்பிச்சிடுத்து. கும்கி மெலிஞ்சு போறது பாருங்கோ. இப்பத் தண்ணி தொட்டு வைப்பார்."

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு சின்ன இடைவெளிக்குப் பிறகு தொப்பி மறுபடி கனத்து, ஈரத்தோடு அதிர்ந்தது. வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார். மேடையில் மிருதங்கத்தின் இடந்தலையில் அப்பிய ரவை காய்ந்ததும், அதில் நனைந்த விரல் பட்டதும் அந்தப் பள்ளத்தில் பதிந்திருந்தன. பசை வற்றிய வூஃபரும் கோணல் ஊசியும் அதை இத்தனை காலம் எனக்குச் சொல்லாமல் இருந்தன, அவ்வளவுதான்.

எனவே வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தட்டைக் கழுவுங்கள், ஊசியைத் துடையுங்கள். அடுத்து 66-லும் 120.9-லும் கார்ட்ரிட்ஜை நேராக்குங்கள், எடையைத் தராசில் பாருங்கள். டர்ன்டேபிளைச் சமன் செய்து, பெல்ட்டையும் எண்ணெயையும் கவனியுங்கள். ஸ்பீக்கரின் கூம்பை அழுத்திப் பாருங்கள், கன்ட்ரோலைத் திருப்பிப் பாருங்கள். ஜமக்காளத்தை விரியுங்கள், விசிறியை நிறுத்துங்கள். பெரும்பாலான வேலைக்குச் செலவே இல்லை. இருக்கும் செலவும் ஒரு புது ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டி விலைக்கு வராது. சால்டர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். இந்த வேலையைக் கொடுத்தால் அவர் முகம் மலரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு தட்டை எடுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதே பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டில் இதுவரை கேட்காத ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். அவரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிடுவீர்கள், மாடி வீட்டுக்காரரையும் சேர்த்து!